திரும்பிப் பார்க்கிற வேலை

எங்கள் படகில் என் வேலை பின்பலகையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பது. முன்னால் வருவதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். பக்கத்திலிருந்து படகுக்கடியில் இழுபடுகிற வலைத்துண்டு, யாரோ ஆற்றோடு விட்ட வேட்டி, எங்கள் படகிலிருந்தே நழுவித் தொங்குகிற கயிறு, இதெல்லாம் என் பொறுப்பு. பயணிகள் எல்லாரும் முன்னால் பார்த்துப் போட்டோ எடுப்பார்கள். நான் ஒருத்திதான் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு போவேன்.

இந்த வேலையை யாரும் எனக்குத் தரவில்லை. பயத்தில் நானாக எடுத்துக்கொண்டது.

பூவாற்றில் ஓடுகிற மற்ற படகுகளுக்கு எஞ்சின் பின்னால் தொங்கும். புரொப்பெல்லரில் ஏதாவது சுற்றிக்கொண்டால் எஞ்சினையே மேலே சாய்த்து, உட்கார்ந்த இடத்திலேயே அறுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுடையது பழைய படகு. டீசல் எஞ்சின் நடு வயிற்றில் இருக்கிறது. அதிலிருந்து ஓர் இரும்புத் தண்டு அடிப்பலகை வழியாக வெளியே போய், வாலுக்குக் கீழே புரொப்பெல்லரைச் சுற்றுகிறது. சாய்க்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. கயிறு மாட்டினால் ஆள் தண்ணீருக்குள் முங்கித்தான் எடுக்க வேண்டும். அவர் இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு முங்குவார். கரையில் நிற்கிற நான் என் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். அறுத்த கயிற்றை மீன் பிடித்த மாதிரி தூக்கிக் காட்டிக்கொண்டு மேலே வருவார்.

அதெல்லாம் அவர் காது நன்றாக இருந்தபோது.

எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து இடது காது எப்போதோ போய்விட்டது. மிச்சமிருந்த வலது காதில் சீழ் வைத்து, ஜவ்வு ஓட்டையாகி, ஆபரேஷன் செய்து ஒட்டுப் போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற அன்றைக்கு டாக்டரம்மா, குளிக்கும்போது பஞ்சு வைக்க வேண்டும், முங்கவே கூடாது என்றார். நான் விடுகிற ஆள் இல்லை. முங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒட்டு விட்டுப்போகும், கேட்காது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் மறுபடியும், வேறு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"தண்ணி உள்ளே போனா தல கறங்கும். கரையில கறங்கினா இருந்தாப் போதும். வெள்ளத்துக்கு அடியில கறங்கினா மேல ஏது, கீழ ஏதுன்னு அறியாது. மேல வாறேன்னு நெனச்சுக் கீழ போவாங்க" என்று அவர் மலையாளமும் தமிழுமாகச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரரின் வலது பக்கம் உட்கார்ந்து, தண்ணீருக்கடியில் தலை சுற்றினால் மேல் எது கீழ் எது என்று தெரியாது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"டாக்டரு வள்ளம் ஓட்டியிருக்காளா?" என்றார்.

"காது பாத்திருக்காங்க இல்லியா."

"நீ எதுக்குட்டி அதையெல்லாம் தோண்டித் தோண்டிக் கேக்க? கேட்டதுனாலத்தான் அவ சொன்னா."

படகில் எங்களோடு வேலைக்கு வந்துகொண்டிருந்த ஆள் நல்ல நீச்சல்காரர். அவர் அந்த வருஷ மழைக்கு முன்னால்தான் எங்களை விட்டுத் துறைமுக வேலைக்குப் போயிருந்தார். வேறு ஆள் கிடைக்கிறவரை நான் வருகிறேன் என்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "நீ வந்து என்ன செய்வ? பயப்படுவியா?" என்று கேட்டார். ஆமாம், அதைத்தான் செய்யப் போகிறேன் என்றேன். அன்றைக்குச் சண்டை போடுவதற்காகச் சொன்ன வார்த்தை அது. யோசித்தால் உண்மையும் அதுதான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கல்யாணம் வரை நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு கயிற்றுக் கடையில் நின்றவள். தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது; கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். பளபளவென்று மஞ்சளிலும் நீலத்திலும் வருகிற பிளாஸ்டிக் கயிறு மிதக்கும். வெள்ளை நைலான் கயிறு முங்கும். பிளாஸ்டிக் கயிற்றை அறுத்துக் கொடுக்கும்போது பிரி விடாமலிருக்க நுனியை மெழுகுவர்த்தியில் காட்டுவோம். உருகி உருண்டையாகி இறுகிக்கொள்ளும். இது என் மனதில் எப்படி வேலை செய்தது என்றால், சுழல்கிற தண்டில் பிளாஸ்டிக் கயிறு சுற்றினால் உராய்கிற சூட்டில் அதே மாதிரி உருகி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் முங்கினால்கூட எளிதில் எடுக்க முடியாது. அப்படியானால் சுற்றத் தொடங்கியதுமே எஞ்சின் நிற்க வேண்டும். சுற்றத் தொடங்கினால் சத்தம் மாறும். சத்தம் மாறுவது அவர் காதுக்கு எட்டாது.

ராத்திரி படுத்தால் இதெல்லாம் வரிசையாக வரும். ஒன்றை அடக்கினால் அடுத்தது எழுந்து உட்காரும். அதனால் பகலில் ஒவ்வொன்றாகப் படகில் ஏற்பாடு செய்தேன்.

எஞ்சினை அணைக்கிற கொக்கியில் ஒரு நைலான் சரட்டைக் கட்டி, பலகையோரமாகக் கொண்டுவந்து, என் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வளையத்தில் விட்டேன். இழுத்தால் எஞ்சின் நிற்கும். லைஃப் ஜாக்கெட்டுகளுக்கு அடியில் எங்கேயோ சிக்கிக் கிடந்த நங்கூரத்தை எடுத்து, அதன் கயிற்றை ஒரு பக்கெட்டுக்குள் வட்டமாகச் சுற்றி, முன்பக்கத்தில் வைத்தேன். முருங்கைக்காய் பறிக்க வீட்டில் ஒரு தொரட்டி இருந்தது. அதன் கொக்கியை அப்படியே விட்டுவிட்டு, கம்பின் மறு நுனியில் ரொட்டி அறுக்கிற பல் வைத்த கத்தியைக் கம்பி போட்டு இறுக்கினேன். வழவழப்பான கத்தி ஈரக் கயிற்றில் வழுக்கும். பல் கத்தி கடிக்கும். இது கடையில் தெரிந்துகொண்டது.

அதற்கப்புறம்தான் பெரிய சண்டை. சவாரி இல்லாத ஒரு மத்தியானம் கரையோரத்தில் ஆழமில்லாத இடத்தில் என் பழைய சேலையைக் கிழித்துப் புரொப்பெல்லரில் சுற்றி, முங்காமல் எடுத்துப் பழக வேண்டும் என்றேன்.

"ஒனக்குப் பிராந்தா? நல்லாக் கெடக்கத நாமளே சுத்தணுமா?"

"ஒரு தடவ. எனக்காண்டி."

அவர் எஞ்சின் மூடியைத் திறந்து, கியரை நியூட்ரலில் போட்டு, குனிந்து தண்டைக் கையால் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். நான் பின்பலகையில் குப்புறப் படுத்து, தொரட்டியால் துணியின் நுனியைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். அவர் சுற்ற நான் இழுக்க, ஒவ்வொரு சுற்றாக அவிழும். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. குனிந்திருந்த அவருக்கு நான் சொல்வது கேட்கவில்லை. நான் இழுக்கும்போது அவர் சும்மா இருப்பார். அவர் சுற்றும்போது நான் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பேன். பக்கத்துப் படகுக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பார்த்தார்.

"சேச்சி, சாரி ஒணக்க வேற ஸ்தலம் கிட்டலியா?" சேலை காயப்போட வேறு இடமில்லையா என்று கேட்கிறார்.

"ஒங்களுக்கு மாட்டினா எஞ்சினைத் தூக்கிருவீங்க அண்ணாச்சி. எங்களுக்கு ஆளைத்தான் தூக்கணும்" என்றேன்.

"அண்ணாச்சி, சேச்சியைப் பிடிச்சு ஒரு சர்க்கஸ் கம்பெனில சேர்த்தா நல்லா வரும், கேட்டா?" என்று படகுக்காரர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். இவரும் அவரோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் சேலை வந்துவிட்டது. முங்காமல், கந்தலாக, எண்ணெய்க் கறுப்போடு வந்துவிட்டது.

ஆடி மழையில் ஆறு நிறைந்து பொழி உடைந்தது. மற்ற மாதங்களில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல் மேடு கிடக்கும். மழை பெருத்தால் ஆறு அதை அறுத்துக்கொண்டு கடலுக்குள் ஓடும். அந்த வாய்தான் பொழி. அது திறந்திருக்கும்போது அந்தப் பக்கம் தண்ணீர் ஆளை அழைத்துக்கொண்டே போகும். வாயில் அலை எதிர்த்து வந்து உடையும். எஞ்சின் இருக்கிற படகுக்கு ஒன்றுமில்லை. எஞ்சின் நின்ற படகுக்கு அங்கே வேலையில்லை.

அப்போதுதான் ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு குடும்பம் அஸ்தி கரைக்க வந்தது. அதிகாலை மழை விட்டிருந்தது. மூன்றே பேர்: இறந்தவரின் மனைவியான மாமி, ஈர வேட்டியோடு மகன், மந்திரம் சொல்ல ஒரு வாத்தியார். ஆறும் கடலும் சேருகிற இடத்தில் விட வேண்டும் என்பது இறந்தவரின் விருப்பமாம். பொழிக்கு ரொம்பப் பக்கத்தில் போக முடியாது, தென்னைகள் முடிகிற இடம் வரை போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். சரி என்றார்கள்.

மகனின் மடியில் சிவப்புத் துணி கட்டிய மண்கலம் இருந்தது. கலத்தின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. பளபளவென்று புதிது. மீதிக் கயிறு ஒரு சுருளாக அவர் காலடியில் கிடந்தது.

நான் பார்த்தது அதை மட்டும்தான்.

"இந்தக் கயிறு எதுக்கு மாமி?" என்று கேட்டேன்.

"தொப்புனு போடப்படாதுடிம்மா. மெள்ள இறக்கணும். படியில இறங்கறச்சேயே அவருக்குக் கையப் பிடிச்சுக்கணும். அதிர்ந்தா ஆகாதாக்கும்."

வீட்டுக்காரரின் வலது பக்கம் போய், "மிதக்குற கயிறு" என்றேன்.

"இறக்கிட்டு விட்டுருவாங்கட்டி. செத்த வீட்டுல போய்க் கயித்துக்குக் கணக்குக் கேப்பியா?"

தென்னைகள் முடிகிற இடத்தில் நங்கூரம் போட்டு எஞ்சினை அணைத்தார். படகு முன்பக்கத்தை ஆற்றுக்கும் வாலைக் கடலுக்கும் காட்டிக்கொண்டு நின்றது. தூரத்தில் பொழி வாயில் அலை உடைகிற சத்தம் கேட்டது. மகன் பின்பக்கம் வர வேண்டியிருந்ததால் நான் என் இடத்தை விட்டு எழுந்து நடுவில் வந்து மாமியைத் தாங்கி நின்றேன். வாத்தியார் மந்திரம் சொல்ல, மகன் குனிந்து கலத்தை இறக்கினார். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கயிறு அவர் கையில் நழுவுவது தோள்பட்டையில் தெரிந்தது. மாமி என் கையை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார். அப்புறம் தோள் அசைவது நின்றது.

"ஆச்சு," என்றார் வாத்தியார். "எல்லாரும் முன்பக்கம் திரும்பிக்குங்கோ. இனிமே யாரும் திரும்பிப் பாக்கப்படாது. ஆத்து வாசப்படி ஏறறவரைக்கும் பாக்கப்படாது."

அவர்கள் முன்னே போய் உட்கார்ந்தார்கள். வாத்தியாரும் மாமியும் முன்பலகையில். மகன் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில். எல்லா முகமும் ஆற்றைப் பார்த்து.

நான் என் இடத்துக்குப் போனேன். என் வேலை திரும்பிப் பார்ப்பது. கயிற்றை விட்டாரா, எங்கே மிதக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் அஸ்தி விட்டவர்களோடு போகிறவள் திரும்பிப் பார்த்தால், போனவர் கூடவே வந்துவிடுவார் என்று எங்கள் பக்கத்திலும் சொல்வார்கள். இவர் எனக்கு உறவில்லையே என்று ஒரு மனம் சொன்னது. உறவில்லாவிட்டால் மட்டும் விட்டுவிடுமா, ஏற்கனவே காது ஒட்டுப் போட்ட மனுஷனை வைத்துக்கொண்டு இதையும் சம்பாதிக்க வேண்டுமா என்று இன்னொரு மனம் சொன்னது. கயிற்றுக்குப் பயப்படுவதா, செத்தவருக்குப் பயப்படுவதா? கயிற்றை விட்டீர்களா என்று மகனிடம் கேட்கலாமென்று வாய் வரை வந்தது. மாமி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். கேட்கவில்லை. நான் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். கை மட்டும் சரட்டைப் பிடித்திருந்தது.

நங்கூரத்தை ஏற்றியதும் படகு கொஞ்சம் பின்னுக்கு ஒதுங்கியது. அவர் எஞ்சினைப் போட்டு, கியரைத் தள்ளினார்.

நாலு அடி போயிருக்காது. யாரோ தொண்டையைப் பிடித்த மாதிரி எஞ்சின் ஒரு சத்தம் போட்டது. அவருக்குக் கேட்கவில்லை, வேகம் குறைகிறதென்று இன்னும் கொடுக்கப் போனார். நான் சரட்டை இழுத்தேன். எஞ்சின் நின்றது.

நின்றதும் அந்த அலைச் சத்தம் பெரிதாகிவிட்டது.

"யாரு அணச்சா?"

"நான்தான். சுத்திக்கிட்டு. நங்கூரம் போடுங்க, நங்கூரம்!"

அவர் முன்னே ஓடினார். பக்கெட்டிலிருந்த கயிறு சிக்கில்லாமல் ஓடியது. படகு ஒரு பக்கமாகத் திரும்பி, தென்னைகளை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தது. நங்கூரக் கயிறு இறுகியது, அதிர்ந்தது. அடியில் மணல், நங்கூரம் உழுதுகொண்டு வருகிறது என்று தெரிந்தது. பிறகு ஒரு வெட்டு வெட்டிப் பிடித்தது. கரையிலிருந்த கடைசித் தென்னையையே பார்த்தேன். அது நகரவில்லை.

"என்ன ஆச்சு?" என்றார் வாத்தியார், திரும்பாமல்.

மகன்தான் பதில் சொன்னார், அவரும் திரும்பாமல். "கயிறு... கை வழுக்கித்து. வழுக்கிடப்படாதேன்னு படகுக்கு வெளிப்பக்கமா பின்னாடி இருந்த வளையத்துல ஒரு முடிச்சுப் போட்டேன். நீங்க ஆச்சுன்னேள், திரும்பிட்டேன். அவிழ்க்கலை."

கலம் அடியில். கயிற்றின் மறு நுனி எங்கள் படகில். நடுவில் புரொப்பெல்லர்.

என் வீட்டுக்காரர் பின்பக்கம் வந்து சட்டையைக் கழற்றத் தொடங்கினார். வலது காதில் இருந்த பஞ்சை விரலால் உள்ளே அமுக்கினார். அவர் இடுப்புத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இறங்கப்பிடாது."

"விடுட்டி. பொழி தெரியலியா? நங்கூரம் எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு மூச்சுல அறுத்துட்டு வந்துருவேன்."

"வரமாட்டிய. தல சுத்தும். எது மேலன்னு தெரியாது. ஒங்களுக்குப் பின்னால யாரு முங்குவா? நானா?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுக?"

"கரையில பழகினத செய்வோம்."

"அது கரை."

"அதுக்குத்தானே பழகினோம்!" என்று கத்திவிட்டேன். அவருக்குக் கேட்க வேண்டுமென்று மட்டும் கத்தவில்லை.

அவர் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். தொரட்டியைப் பார்த்தார். எஞ்சின் மூடியைத் திறக்கக் குனிந்தார்.

தொரட்டியை எடுத்துக்கொண்டு நான் பின்பலகையில் மண்டியிட்டேன். கண்ணை மூடியிருந்தேன். கயிறு எங்கே இருக்கிறதென்று பார்க்காமல் கொக்கி போட முடியாது. பார்த்தால் கலம் விட்ட இடத்தைத்தான் பார்க்க வேண்டும். நங்கூரக் கயிறு மறுபடி அதிர்வது பலகையில் தெரிந்தது. பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல், "மாமி, நான் திரும்பணும்" என்றேன். அழுகிற குரலில்தான் வந்திருக்கும்.

மாமி ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார். "பாருடிம்மா. நன்னாப் பாரு. உன்னை அவருக்கு யாருன்னே தெரியாது. தெரியாதவா பின்னாடி ஒரு நாளும் போகமாட்டார். வழி கேக்கக்கூட மாட்டார்."

"வாத்தியாரே?" என்றேன்.

"சாஸ்திரம் படகுக்காரிக்குன்னு ஒண்ணும் சொல்லலை. சீக்கிரம் பாருங்கோ" என்றார் அவர்.

கண்ணைத் திறந்தேன். மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. வெளிப்பக்க வளையத்திலிருந்து மஞ்சள் கயிறு விறைப்பாகக் கீழே இறங்கி இருட்டுக்குள் போனது. கொஞ்சம் தள்ளி அதே மஞ்சள் மறுபடி மேலே வந்து, வளைந்து மிதந்து, கடல் பக்கம் போய் முங்கியிருந்தது. வாலுக்கடியில் ஒன்றும் தெரியவில்லை. குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டு, கொக்கியால் தடவினேன். கயிறு பட்டது.

"சுத்துங்க!"

அவருக்குக் கேட்கவில்லை. குனிந்து தண்டைப் பிடித்திருந்தவரின் தலை எஞ்சின் குழிக்குள் இருந்தது. நான் மறுபடி கத்துவதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். தண்டு திரும்பியது. என் கையில் கயிறு இளகியது.

அதுவே எங்கள் முறையாகிவிட்டது. நான் "ம்" என்பேன், மகன் தட்டுவார், இவர் சுற்றுவார், நான் இழுப்பேன். கரையில் பழகியபோது இந்த ஒரு ஆள்தான் எங்களுக்கு இல்லாமல் போனார். ஒரு சுற்று வந்தது. இன்னொன்று வந்தது. கயிறு நசுங்கி, கறுத்து, தட்டையாக வந்தது. மூன்றாவது தட்டுக்கு அவர் எவ்வளவு தம் கட்டியும் தண்டு அசையவில்லை.

"உருகிட்டு" என்றேன். அது நான் சொல்லிச் சொல்லி அவர் நம்பாத விஷயம். நடக்க வேண்டாமென்று எவ்வளவு பயந்தேனோ அது நடந்திருந்தது. ஆனால் ஒரு சுற்றில் மட்டும்.

அப்போது கடைசித் தென்னை நகர்ந்தது. மெதுவாக, பார்வைக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு நகர்ந்தது. நங்கூரம் மறுபடி மணலை உழுகிறது. பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் இவர் குதித்துவிடுவார். என் வாழ்க்கையில் ஒரு பயத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

கம்பைத் திருப்பி, பல் கத்திப் பக்கத்தைக் கீழே விட்டேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அறுக்க வேண்டும். இரும்பில் பட்டால் கரகரவென்றது. கயிற்றில் பட்டால் சத்தமில்லாமல் கடித்தது. சத்தமில்லாத இடத்தையே தேடித் தேடி அறுத்தேன். பலகை விளிம்பு மார்பில் குத்தியது. தண்ணீர் மூக்கில் ஏறியது. பின்னால் அலை உடைகிற சத்தம் ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பக்கத்தில் கேட்கிற மாதிரி இருந்தது. உண்மையிலேயே பக்கத்திலா, என் மனசுக்குள்ளா என்று இன்றைக்கும் தெரியாது.

திடீரென்று கத்தி வெறும் தண்ணீரில் போனது.

"ம்!"

தட்டு. தண்டு சுழன்றது, ஒரே சீராக, ஒரு முழுச் சுற்று. உருகிய துண்டு உரிந்து மேலே வந்து மிதந்தது. இவர் குழிக்குள்ளிருந்து எழுந்தார். கை முட்டியில் தோல் உரிந்து ரத்தம். என்னைப் பார்த்து, "போட்டா?" என்று கேட்டார். போடலாமா என்று அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இருங்க." வளையத்திலிருந்த முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது, கத்தியால் அறுத்து அந்தத் துண்டை உள்ளே போட்டேன். ஆனால் கலத்தோடு இருந்த மீதிக் கயிறு எங்கள் வாலுக்கு அருகிலேயே மிதந்து அலைந்துகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டால் மறுபடி உள்ளே வரும். எங்களுக்கு வராவிட்டால் பின்னால் வருகிற யாருக்காவது வரும். எனக்கு அதை விட்டுவிட்டு வர முடியாது. கொக்கி போட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். கனமாக இருந்தது. அடியில் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிற கனம்.

என் மூச்சை வைத்தே மாமிக்குத் தெரிந்துவிட்டது. "வர மாட்டேங்கறாரா?" என்றார். "ஆத்துலயும் அப்படித்தான். கிளம்பறேன் கிளம்பறேன்னு வாசல்ல நின்னுண்டே இருப்பார்."

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். மகனின் தோள் குலுங்கியது, சிரித்தாரோ அழுதாரோ.

நான் இன்னொரு தடவை இழுத்தேன். அடியில் ஏதோ மெல்ல உடைந்த மாதிரி கையில் ஓர் அசைவு. கயிறு எடையில்லாமல் வந்தது. வந்துகொண்டே இருந்தது. கடைசியில் சிவப்புத் துணியின் ஒரு கிழிசலும், கலத்தின் கழுத்தைச் சுற்றியிருந்த வெறும் சுருக்கும் வந்தன.

"போயிட்டாரா?" என்றார் மாமி.

"போயிட்டாரு மாமி. கயிறு மட்டும்தான் வந்திருக்கு."

எஞ்சின் ஓடியது. இவர் மெதுவாகப் படகை முன்னே விட்டு நங்கூரக் கயிறு தளர்ந்ததும், நானும் முன்பக்கம் போய் இவர் நங்கூரத்தை ஏற்றக் கை கொடுத்தேன். கடைசித் தென்னை பின்னால் போனது. நான் என் இடத்தில் உட்கார்ந்து, வந்த வழியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கரையில் இறங்கும்போது வாத்தியார் முன்னே போனார், மகன் அவருக்குப் பின்னால். மாமி கடைசியாக இறங்கி, நாலைந்து அடி போய் நின்றார். திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினார். நான் போய் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்காத்துக்காரர் காது நனையலையே?"

படகில் நின்றிருந்த இவரைப் பார்த்து என் காதைத் தொட்டுச் சைகை காட்டினேன். வலது காதிலிருந்து பஞ்சை எடுத்து விரலால் பிதுக்கிக் காட்டினார். வெள்ளையாக, உலர்ந்து இருந்தது.

"நனையலை மாமி."

"அது போறும்" என்று என் கையை ஓர் அழுத்து அழுத்திவிட்டு விட்டார். கார் வரை போனார், ஏறினார், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கார் வளைவில் மறைகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.